கைக்காசு கரையாமல் ஒரு நிம்மதியான வகுப்பறை

புதிதாக ஆசிரியர் வேலையில் சேர்ந்தவருக்கு ஒரு வகுப்பறை ஒதுக்கப்பட்டதும் கை தானாகப் பணப்பையைத் தேடும். வண்ணத்தாள், சார்ட், தோரணம், மினுமினுக்கும் ஸ்டிக்கர் என்று மனத்தில் பட்டியல் ஓட ஆரம்பிக்கும். என் முதல் வருடம் நானும் அப்படித்தான் தொடங்கினேன். சுவரில் ஒரு சாண் இடம்கூட விடாமல் ஒட்டினேன். இரண்டாவது வாரம், எப்போதும் ஜன்னல் பக்கமே திரும்பி உட்கார்ந்திருந்த ஒரு சிறுமியிடம் ஏன் என்று கேட்டேன். "அங்கேதான் டீச்சர் ஒண்ணுமே இல்ல" என்றாள். அன்று மாலையே பாதியைக் கழற்றினேன்.

அமைதியான வகுப்பறைக்கான வேலையில் முக்கால்வாசி, இருப்பதை எடுப்பதும் இடம் மாற்றுவதும்தான். அதற்குக் காசு வேண்டாம். ஒரு முழு நாளும், மேஜை தூக்க இன்னொருவரும் இருந்தால் போதும். மீதிக்கு ஆகும் சின்னச் செலவைக் கடைசியில் பார்ப்போம். வரிசையை மட்டும் மாற்றாதீர்கள். வாங்கிவிட்டு யோசிப்பவர்கள்தான் அதிகம் செலவழிக்கிறார்கள்.

முதல் படி: பிள்ளையின் இடத்தில் உட்காருங்கள்

ஒரு நோட்டும் பேனாவும் எடுத்துக்கொண்டு, பாட நேரத்தில், பிள்ளைகள் இல்லாத அறைக்குப் போங்கள். நான்கு மூலைகளிலும் நடுவிலும் ஆக ஐந்து இடங்களில் பத்துப் பத்து நிமிடம் உட்காருங்கள். சின்னப் பிள்ளைகளின் வகுப்பு என்றால் உங்கள் கண் அவர்கள் கண்ணின் உயரத்துக்கு வரும்படி தாழ்ந்து உட்கார வேண்டும். நின்று பார்த்தால் தெரியாதவை அப்போது தெரியும். பலகையில் பாதியை வெயில் மறைப்பது தெரியும். கடைசி வரிசையின் நேர்ப்பார்வையில் ஆசிரியர் மேஜையின் கீழுள்ள ஒயர் குப்பை தெரியும். அலமாரி உச்சியில் அடுக்கிய கட்டுகள் தலைமேல் விழுவதுபோல் நிற்பதும் தெரியும்.

பிறகு கண்ணை மூடிக்கொண்டு கேளுங்கள். மின்விசிறி கிறீச்சிடுகிறதா, டியூப்லைட் ரீங்காரமிடுகிறதா, நடைபாதையில் போகிறவர் பேச்சு அப்படியே காதில் விழுகிறதா? கடைசியாக, சக ஆசிரியர் ஒருவரைப் பலகைக்கு அருகே நின்று சாதாரணக் குரலில் வாசிக்கச் சொல்லி, பின்வரிசையில் இருந்து கேளுங்கள். கண்ணை உறுத்தியது, காதை உறுத்தியது, மூச்சு முட்டியது எல்லாவற்றையும் எழுதிக்கொள்ளுங்கள். இனிமேல் செய்யப்போகும் வேலைக்கு அந்தப் பட்டியல்தான் அடிப்படை.

இரண்டாவது: அடைசலை எடுப்பது

அறையில் உள்ள பொருள்களை மூன்றாகப் பிரியுங்கள்: வாரம் ஒரு முறையாவது கை படுபவை, பருவத்துக்கு ஒரு முறை தேவைப்படுபவை, யாரும் தொடாதவை. முதல் வகை பிள்ளைகளுக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். இரண்டாவது வகை மூடிய அலமாரிக்குள் போகட்டும். மூன்றாவது அறையை விட்டே போக வேண்டும். ஆனால் உடைந்த நாற்காலிகூடப் பள்ளியின் பதிவேட்டில் இருக்கக்கூடும் என்பதால், தலைமையாசிரியரிடம் எழுதிக் கொடுத்துவிட்டு அகற்றுங்கள்.

என் அனுபவத்தில் அறையின் முகத்தையே மாற்றுவது, அலமாரிகளின் தலைமேல் இருக்கும் குவியலை இறக்குவதுதான். கதவில்லாத அலமாரிக்குப் பழைய ஒற்றை நிறப் படுக்கை விரிப்பை வெட்டித் திரையாகத் தொங்கவிடலாம். அட்டைப்பெட்டிகளைக் கூடியவரை ஒரே அளவில் சேர்த்து, ஒரே நிறத் தாள் ஒட்டி, உள்ளே இருப்பதன் படத்தையும் பெயரையும் முன்பக்கம் எழுதுங்கள். 1907இல் ரோம் நகரில் மரியா மாண்டிசோரி தொடங்கிய குழந்தைகள் இல்லத்தில், மேஜை நாற்காலிகள் குழந்தைகளே தூக்கி நகர்த்தக்கூடிய அளவில் இருந்தன; அலமாரிகள் அவர்கள் கைக்கு எட்டும் உயரத்தில் இருந்தன. இதில் கரிசனத்தோடு நடைமுறைப் பலனும் உண்டு. கத்தரிக்கோலைத் தானே எடுத்துத் தானே வைக்க முடிந்த பிள்ளை, அதற்காக "டீச்சர்... டீச்சர்..." என்று ஐந்து முறை கூப்பிட வேண்டியதில்லை.

ஆசிரியர் மேஜை அறை நடுவில் இருந்தால் அதையும் ஓரத்துக்கு நகர்த்துங்கள். பாடம் நடக்கும்போது நாம் அதில் உட்காருவது குறைவு. ஆனால் அது பிடிக்கும் இடம் மூன்று பிள்ளைகளின் இடம்.

மூன்றாவது: வெளிச்சமும் காற்றும்

ஜன்னலைக் கழுவுங்கள். கண்ணாடியில் ஒட்டிய பூ, நட்சத்திரம், பழைய அறிவிப்பு எல்லாவற்றையும் சுரண்டி எடுங்கள். இங்கிலாந்தில் 27 தொடக்கப் பள்ளிகளின் 153 வகுப்பறைகளையும் அவற்றில் படித்த 3,766 குழந்தைகளையும் சால்ஃபோர்டு பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2015இல் முடிவை வெளியிட்டார்கள். குழந்தைகள் ஒரு வருடத்தில் கற்றதில் இருந்த வேறுபாட்டில் 16 சதவீதத்துக்கு வகுப்பறையின் அமைப்பு காரணம் என்று கண்டார்கள். அந்த 16இல் ஏறக்குறைய பாதி வெளிச்சம், காற்று, வெப்பம் ஆகிய மூன்றையும் சார்ந்தது. அழுக்குக் கண்ணாடியைத் துடைப்பதைவிட மலிவான சீர்திருத்தம் எனக்குத் தெரிந்து இல்லை.

நேர்வெயில் விழும் பக்கத்துக்கு மெல்லிய வெளிர்நிறத் துணி போதும். தடித்த திரை போட்டால் அறை இருட்டிவிடும். ஜன்னலுக்கு முதுகைக் காட்டி நின்று பாடம் நடத்தாதீர்கள். பிள்ளைகளுக்கு உங்கள் முகம் கரிய நிழலாகத்தான் தெரியும். காது மந்தமாக இருந்து உதட்டசைவைப் பார்த்துப் புரிந்துகொள்ளும் பிள்ளைக்கு அதோடு பாடமே போய்விடும். மினுக் மினுக்கென்று எரியும் விளக்கை மாற்றச் சொல்லி உடனே எழுதிக் கொடுங்கள். சிலருக்கு அதனால் தலைவலியே வரும். வெளிச்சத்தைக் குறைக்க விளக்கின்மேல் துணி கட்டுவதைப் படங்களில் பார்த்திருப்பீர்கள். தீப்பிடிக்கும் அபாயம், வேண்டவே வேண்டாம். தனித்தனி சுவிட்ச் இருந்தால் வாசிப்பு நேரத்தில் பாதி விளக்கை அணைத்தாலே போதும்.

காற்றோட்டத்தையும் அசட்டை செய்யாதீர்கள். வெளிக்காற்றில் கரியமில வாயு பத்து லட்சத்துக்குச் சுமார் 420 பங்கு இருக்கிறது. பிள்ளைகள் நிறைந்த, ஜன்னல் சாத்திய அறையில் அது சீக்கிரமே ஆயிரத்தைத் தாண்டிவிடும். பின்வரிசையில் கொட்டாவி விடுகிறவனுக்குப் பாடம் சலித்துவிட்டது என்று நினைப்பதற்கு முன், எதிரெதிர் ஜன்னல்களை ஐந்து நிமிடம் திறந்து வைத்துப் பாருங்கள். வாசனைத் தெளிப்பான், ஊதுபத்தி எதுவும் வேண்டாம். ஆஸ்துமா உள்ள பிள்ளைகள் அவதிப்படுவார்கள். செடி வைப்பது கண்ணுக்கு நல்லது, பிள்ளைகளுக்குப் பொறுப்பும் தரும். காற்றைச் சுத்தப்படுத்தும் என்று நம்பி மட்டும் வாங்காதீர்கள். அந்த நம்பிக்கைக்குக் காரணமான 1989ஆம் ஆண்டு நாசா சோதனை அடைத்த சிறு பெட்டிகளுக்குள் நடந்தது. உண்மையான அறையில் அதே பலன் வேண்டுமானால் அறையே காடாக வேண்டும். அரளி, டிஃபன்பேக்கியா போன்ற நச்சுச் செடிகளைத் தவிருங்கள். ஸ்பைடர் பிளான்ட் பாதுகாப்பானது. தெரிந்தவரிடம் ஒரு சின்னக் கன்று கேட்டு வாங்கினால் தானே பெருகும்.

நான்காவது: சத்தம்

அழகுபடுத்துவதில் எல்லோரும் கண்ணை நினைக்கிறோம், காதை மறந்துவிடுகிறோம். வெறும் சுவர், வெறும் தரை, கண்ணாடி, மரம் என எல்லாமே கெட்டியான பரப்புகள். அறை நடுவில் நின்று ஒரு முறை கை தட்டுங்கள். தட்டிய பிறகும் ஒலி அலைந்துகொண்டே இருந்தால், நீங்கள் சொல்லும் சொல்லுக்கும் அதே கதிதான். முந்தைய அசையின் மிச்சம் அடுத்த அசையின்மேல் ஏறி உட்காரும். உயிரொலி தப்பித்துவிடும், மெய்யொலி அடிபட்டுவிடும். நீங்கள் சொன்னது கடலா, படலா, மடலா என்று கடைசி வரிசைப் பிள்ளை ஊகிக்க வேண்டியிருக்கும். நாள் முழுக்க ஊகித்துக்கொண்டே இருப்பவன் களைத்துப்போவான். களைத்தவன் பேச ஆரம்பிப்பான். வகுப்பறையில் பின்னணி இரைச்சல் 35 டெசிபலைத் தாண்டக்கூடாது, ஒலி அடங்கும் நேரம் 0.6 நொடி அளவில் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் 1999ஆம் ஆண்டு வழிகாட்டுதல் சொல்கிறது. நம்மிடம் கருவி இருக்காது. கைதட்டல் சோதனையே போதும்.

முதலில் தரைக்கும் நாற்காலிக்கும் நடக்கும் சண்டையைத் தீர்த்து வையுங்கள். முப்பது நாற்காலிகள் ஒரே நேரத்தில் தரையைத் தேய்க்கும் சத்தம் எப்படிப்பட்ட பாடத்தையும் உடைத்துவிடும். நாற்காலிக் கால்களின் அடியில் தடித்த ஃபெல்ட் துணித் துண்டுகளை ஒட்டுங்கள். கிடைக்காவிட்டால் பழைய கம்பளித் துணியை நான்காக மடித்து இறுக்கிக் கட்டுங்கள். சிலர் டென்னிஸ் பந்தைக் கீறிச் சொருகுவார்கள். அது தூசியைச் சேர்க்கும். ரப்பர் ஒவ்வாமை உள்ள பிள்ளைகளுக்குத் தொந்தரவாகவும் ஆகலாம். கதவுக் கீலுக்கு இரண்டு சொட்டு எண்ணெய் விடுங்கள்.

அடுத்தது மென்மையான பரப்புகள். வாசிக்கும் இடத்தில் துவைக்கக்கூடிய ஒரு விரிப்பு, பின்சுவரில் ஒரு தடித்த துணி. துணியைச் சுவரோடு ஒட்டாமல், நான்கு விரல் இடைவெளி விட்டு, சுருக்கம் சுருக்கமாகத் தொங்கவிட்டால் ஒலியை இன்னும் நன்றாக உறிஞ்சும். முட்டை அடுக்கும் காகிதத் தட்டுகளைச் சுவரில் ஒட்டும் யோசனை பல இடங்களில் சுற்றுகிறது. அவை ஒலியைப் பெரிதாகத் தடுப்பதில்லை, சட்டென்று தீப்பற்றும். அந்த வேலையே வேண்டாம்.

அப்புறம், நம் குரல். சுற்றிலும் இரைச்சல் கூடினால் மனிதர்கள் தம்மை அறியாமலே குரலை உயர்த்துகிறார்கள் என்பதை எத்தியேன் லொம்பார் என்ற பிரெஞ்சு மருத்துவர் 1911இல் விவரித்தார். குழுவாக வேலை செய்யும்போது வகுப்பு மெல்ல மெல்லச் சந்தையாவது இதனால்தான். ஒவ்வொரு குழுவும் பக்கத்துக் குழுவைத் தாண்டிப் பேசப் பார்க்கிறது. யாரும் வேண்டுமென்று செய்வதில்லை. அதன்மேல் நாமும் "சத்தம் போடாதீங்க!" என்று கத்தினால் படி இன்னும் ஒன்று ஏறும். ஒரே ஒரு சைகையை வைத்துக்கொள்ளுங்கள். கையை உயர்த்துவதோ, சின்ன மணியோ எதுவாகவும் இருக்கலாம். முதல் வாரம் அதை ஒரு பாடமாகவே சொல்லிக்கொடுத்துப் பழக்குங்கள். எப்போதும் ஒரே இடத்தில் நின்று சைகை காட்டி, முழு அமைதி வந்த பிறகு தாழ்ந்த குரலில் பேசத் தொடங்குங்கள்.

கேள்வி கேட்டுவிட்டுக் காத்திருப்பதும் அமைதியின் பகுதிதான். ஆசிரியர்கள் கேள்விக்குப் பின் சராசரியாக ஒரு நொடிகூட விடுவதில்லை என்று அமெரிக்கக் கல்வியாளர் மேரி பட் ரோ 1970களில் காட்டினார். மூன்று நொடி விட்டபோது பதில்கள் நீண்டன; அதுவரை வாய் திறக்காத பிள்ளைகளும் பேசினார்கள். மனத்துக்குள் ஒன்று, இரண்டு, மூன்று எண்ணுங்கள். ஆரம்பத்தில் அந்த மூன்று நொடி மிக நீளமாகத் தோன்றும்.

ஐந்தாவது: சுவர்

2014இல் கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தினர் 24 மழலையர் வகுப்புக் குழந்தைகளுக்கு ஆறு அறிவியல் பாடங்கள் நடத்தினார்கள். சில பாடங்கள் சுவர் நிறையப் படங்கள் உள்ள அறையில், மற்றவை வெறும் சுவர் உள்ள அறையில். பாடத்துக்குப் பின் வைத்த தேர்வில் வெறும் சுவர் அறையில் 55 சதவீத விடைகள் சரி. நிறைந்த சுவர் அறையில் 42 சதவீதம்தான். சின்ன ஆய்வுதான். ஆனால் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்த அந்தச் சிறுமியைத் தெரிந்த எனக்கு அது வியப்பாக இல்லை. அதற்காக அறையை மொட்டையாக விடவும் கூடாது. முன்பு சொன்ன சால்ஃபோர்டு ஆய்வில் அளவான அலங்காரம் உள்ள வகுப்பறைகளே நன்றாக இருந்தன. ஒன்றுமே இல்லாதவையும் பின்தங்கின, எல்லாம் நிறைந்தவையும் பின்தங்கின.

நான் வைத்திருக்கும் கணக்கு இது. பலகை உள்ள சுவரில் அன்றைய நாளும் கால அட்டவணையும் மட்டும். பக்கச் சுவர்களில் பாதி காலி, பாதி பிள்ளைகளின் வேலைகள். எப்போதாவது பார்க்க வேண்டிய வரைபடம், வாய்ப்பாடு எல்லாம் பின்சுவரில். பின்னணிக்கு ஒரே நிறத் தாள், பழுப்பு உறைத்தாள் போதும். நீளமாக ஒரு கயிறும் துணிக் கிளிப்புகளும் இருந்தால் சுவரில் பசை படாது. மாற்றுவதும் இரண்டு நிமிட வேலை. உயரம் பிள்ளைகளின் கண் மட்டம்.

பிள்ளைகளின் பகுதியில் ஒவ்வொருவருக்கும் பெயர் எழுதிய, ஒரே அளவுள்ள ஓர் இடம் கொடுங்கள். அங்கே என்ன மாட்டுவது என்பதை அந்தப் பிள்ளையே முடிவு செய்யட்டும். நன்றாக வரைபவர்களின் படம் மட்டும் தொங்கும் சுவர், மற்றவர்களிடம் "உனக்கு இங்கே இடமில்லை" என்று தினமும் சொல்லிக்கொண்டிருக்கும். மூன்று வாரத்துக்கு ஒரு முறை மாற்றுங்கள்; மாற்றாத சுவரை யாரும் பார்ப்பதில்லை. வெவ்வேறு தாய்மொழிப் பிள்ளைகள் இருந்தால் "வணக்கம்" என்ற சொல்லை அவரவர் மொழியில், அவரவர் கையெழுத்தில் வாசல் பக்கம் மாட்டுங்கள்.

தரவரிசைப் பட்டியல், மதிப்பெண் பட்டியல், குறும்பு செய்தவர் பெயர் எழுதும் பலகை, இந்த மூன்றும் சுவரில் கூடாது. இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். தன் பெயர் கடைசியில் தொங்கும் அறைக்குள் காலையில் நுழையும் பிள்ளைக்கு எந்த வண்ணத் தோரணமும் ஆறுதல் தராது.

கதவு, மின் சுவிட்சு, விளக்கு, அவசர வழி ஆகியவற்றின் அருகே காகிதமோ துணியோ வேண்டாம். பள்ளிக்குத் தீப் பாதுகாப்பு விதி இருந்தால் மாட்டுவதற்கு முன்பே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஆறாவது: இருக்கை

வரிசையா, வட்டமா, குழுவா என்று பெரிய விவாதமே உண்டு. 2008இல் வெளியான ஓர் ஆய்வுத் தொகுப்பு சொல்வது எளிமையானது: தனியாக எழுதும், படிக்கும் வேலைக்கு வரிசை நல்லது, அதுவும் அடிக்கடி கவனம் சிதறும் பிள்ளைகளுக்கு, கலந்து பேச வேண்டியதற்கு ஒருவரையொருவர் பார்க்கும் அமைப்பு நல்லது. எனவே ஒன்றையே பிடித்துக்கொள்ளாமல், ஓர் அமைப்பிலிருந்து இன்னொன்றுக்கு இரண்டு நிமிடத்தில் மாறப் பிள்ளைகளைப் பழக்குங்கள். தரையில் சின்னச் சின்ன டேப் துண்டுகளால் குறியிட்டால் மேஜைகள் தாமே இடத்துக்குப் போகும். நடைவழி 90 சென்டிமீட்டராவது இருக்கட்டும். சக்கர நாற்காலிக்கும் அது வேண்டும், நீங்கள் ஒவ்வொரு பிள்ளையின் அருகிலும் போய்க் குனிந்து பேசவும் வேண்டும். கடைசி பெஞ்ச் யாருக்கும் நிரந்தரமாகக் கூடாது.

ஏழாவது: ஒதுங்க ஒரு மூலை

அழுகையோ கோபமோ பொங்கி வரும்போது பிள்ளை ஐந்து நிமிடம் ஒதுங்கி இருக்க ஓர் இடம் வேண்டும். உங்கள் கண்ணுக்குத் தெரியவேண்டும், எல்லோருடைய பார்வையும் படக்கூடாது; அலமாரியின் பக்கவாட்டு நல்ல இடம். ஒரு விரிப்பு, பழந்துணி அடைத்துத் தைத்த இரண்டு திண்டு, வெள்ளைத்தாள், பென்சில், ஒரு மணல் கடிகாரம். கெட்டியான பிளாஸ்டிக் பாட்டிலில் தண்ணீரும் கொஞ்சம் பசையும் மினுமினுப்புத் தூளும் போட்டு, மூடியை ஒட்டி அடைத்துவிட்டால், குலுக்கியபின் தூள் மெதுவாக இறங்குவதைப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

அதைத் தண்டனை இடமாக ஒரு தடவைகூட ஆக்காதீர்கள். "போ, அந்த மூலையில் உட்கார்" என்று ஒருமுறை சொல்லிவிட்டால் பிறகு யாரும் தானாகப் போகமாட்டார்கள். எல்லோரும் அமைதியாக இருக்கும் ஒரு நாளில் மொத்த வகுப்பையும் ஒவ்வொருவராக உட்கார வைத்து, எப்படி வருவது, எப்போது திரும்புவது என்று காட்டுங்கள். ஒரே பிள்ளை தினமும் அங்கே போனால் தடுக்க வேண்டாம், தனியே கூப்பிட்டுப் பேசுங்கள்.

எட்டாவது: வாசல்

காசே இல்லாமல் செய்யக்கூடியவற்றில் இதுதான் முதன்மையானது. 2018இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வில், பத்து நடுநிலை வகுப்புகளை எடுத்துக்கொண்டு, அவற்றில் சிலவற்றில் மட்டும் ஆசிரியர்கள் வாசலில் நின்று ஒவ்வொரு மாணவரையும் பெயர் சொல்லி வரவேற்றார்கள். பாடத்தில் கவனம் 20 சதவீதப் புள்ளிகள் கூடியது, இடையூறு 9 புள்ளிகள் குறைந்தது.

பெயரை எப்படி உச்சரிக்க வேண்டும் என்று அந்தப் பிள்ளையிடமே கேட்டுக்கொள்ளுங்கள். உள்ளே வந்ததும் பை எங்கே வைப்பது, முதல் வேலை என்ன என்று பலகையில் எழுதியிருக்கட்டும். தாமதமாக வந்தவனை வாசலில் நிறுத்தி விசாரிக்காமல், "வா, உட்காரு" என்று சொல்லுங்கள். காரணத்தைப் பிறகு தனியாகக் கேட்கலாம்.

செலவு

பள்ளி திறந்து நான்கு வாரம் வரை எதையும் வாங்காதீர்கள். அதற்குள் உண்மையில் எது தேவை என்று அறையே காட்டிவிடும். பிறகு இந்த வரிசையில் போகலாம்: நாற்காலிக் காலுக்கு ஃபெல்ட், ஒரு விரிப்பு, கயிறும் கிளிப்பும், அதன்பின் பணம் மிஞ்சினால் மூடி போட்ட பெட்டிகள். அச்சடித்த சுவர்ப்படத் தொகுப்புகளுக்குச் செலவழிக்க வேண்டாம்.

பெற்றோரிடம் கேட்பதானால் எது வேண்டும் என்று திட்டமாகக் கேளுங்கள்: துவைத்த பழைய விரிப்பு, காலணிப் பெட்டி, நூல். யார் கொடுத்தார், யார் கொடுக்கவில்லை என்பது தெரியாதபடி வாசலில் ஒரு பெட்டி வைத்துவிடுங்கள். விளக்கு, மின்விசிறி, உடைந்த ஜன்னல் ஆகியவை பள்ளி நிர்வாகத்தின் பொறுப்பு. சரி, நாமே போட்டுவிடலாம் என்று நல்ல மனத்தோடு தோன்றும். ஆனால் அப்படிச் செய்தால் அடுத்த வருடம் வருகிற ஆசிரியரும் கைக்காசு போட வேண்டியிருக்கும். தேதியிட்டு எழுதிக் கொடுங்கள், நகல் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு மாதம் கழித்து அதே ஐந்து இடங்களில் மறுபடி உட்கார்ந்து பாருங்கள். கூடவே பிள்ளைகளுக்குச் சின்னச் சீட்டு கொடுத்து, பெயர் போடாமல், இந்த அறையில் எது பிடிக்கவில்லை என்று எழுதச் சொல்லுங்கள். எழுதத் தெரியாதவர்கள் வரையட்டும். அந்தச் சீட்டுகளில் உடனே செய்ய முடிந்த ஒன்றையாவது அன்று மாலையே செய்துவிட்டு வீட்டுக்குப் போங்கள்; மறுநாள் காலை உள்ளே வரும்போதே அவர்கள் கவனிப்பார்கள்.